தொலைந்துபோகும் செவ்வாய்க்கிழமை

இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை அறிய விரும்புவோர் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிக்கோலை வைத்துப் பார்ப்பது வழக்கமெனினும், உருண்டையைத் தட்டையாக்கிய அப்படத்தின் சாட்சியம் நம்பத்தக்கதன்று. சிங்கப்பூரின் சாங்கியும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையமும் தீர்க்கரேகைக் கணக்கில் ஏறத்தாழ 178 பாகை விலகி, உலகின் முன்புறமும் முதுகுமாக அமைந்திருப்பதால், பூகோள உருண்டையில் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடதுருவத்தின் உச்சந்தலையில் வகிடு எடுத்தாற்போலச் செல்கிறது. ‘பெருவட்டப் பாதை’ எனப்படும் இந்த மிகக் குறுகிய வழியின் நீளம் சுமார் 15,300 கிலோமீட்டர்.

விமானிகளோ நூலைவிடக் காற்றையே மதிப்பவர்கள். ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் குறுகிய, விரைவான காற்றோட்டமாகிய ‘ஜெட் ஸ்ட்ரீம்’ முதுகில் கைவைத்துத் தள்ளுமென்றால், ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போவதும் அவர்களுக்கு இலாபமே. ஆகவே சிங்கப்பூரிலிருந்து பசிபிக் வழியாகக் கிழக்கே கிளம்பும் விமானம், நியூயார்க்கிலிருந்து திரும்புகையிலும் பெரும்பாலும் அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கு நோக்கியே பறக்கிறது. போன வழியே திரும்பாமல் கோயிலைப் பிரதட்சிணம் செய்வதுபோல் உலகையே வலம்வந்துவிடுகிறது எனலாம்.

இதில் ஒருவழிப் பயணத்துக்குப் பிடிக்கும் நேரம், விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதுமுதல் மறுமுனையில் நிற்கும்வரை கணக்கிட்டால், பதினெட்டரை மணிக்கு மேல். கூடுதல் எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் எடையைக் குறைக்கவேண்டி 161 இருக்கைகளே வைத்து, சாதாரண வகுப்பையே எடுத்துவிட்டார்கள். ஆயினும் சன்னலோரப் பயணியின் கழிப்பறை யாத்திரைக்கு இக்கணக்குகள் எவையும் உதவுவதில்லை. வாய் பிளந்து உறங்கும் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலுக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் இடைப்பட்ட தொலைவே அப்போது உலகின் மிக நீண்ட வழி. எதிரேயுள்ள திரையிலோ, ஒரு கண்டத்தையே மறைக்குமளவு பெரிதாக வரையப்பட்ட பொம்மை விமானம், அரைமணி கழித்துப் பார்த்தாலும் அதே கடல்மேல் அசையாது நிற்கிறது.

நாட்காட்டியின் கணக்கு இதனினும் விசித்திரமானது. நியூயார்க்கில் திங்கள் இரவு பத்தரைக்கு ஏறுபவர் சிங்கப்பூரில் புதன் விடியலில் இறங்குவதால், இடைப்பட்ட செவ்வாயைத் தரையில் நின்று பார்த்ததாகச் சொல்ல இயலாது. செவ்வாயோ வெறுவாயோ என்று அன்று எதையும் தொடங்காத குடும்பங்களுக்கு இது பெரும் வசதி, செவ்வாய் விரதக்காரர்களுக்கோ தீராத ஐயம். இத்தனைக்கும் பிறகு, ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள எண்ணிக் கைக்கடிகாரத்தின் திருகைப் பிடிப்பவர், கோடைக்காலமாயின், இரண்டு ஊர்களுக்கும் வேறுபாடு சரியாகப் பன்னிரண்டு மணி என்பதால், முட்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பெட்டியைத் தேடிப் போகிறார்.