புதன் இரவுக் கோழியும் கைப்பிடிக் கோட்பாடும்: ஓர் ஆய்வு

வேலைநாள் இரவில் சட்டென்று சமைத்து, பிள்ளைகள் முகம் சுளிக்காமல் உண்ணும்படி கோழிக்கறி செய்வது எப்படி என்பது ஆராய்ச்சிப் பொருள். அதற்குள் புகுமுன், தமிழ்நாட்டில் அப்படியோர் இரவு இருக்கிறதா என்பதை நிறுவியாக வேண்டும். வாரத்தில் ஏழு இரவு என்பது நாட்காட்டியைக் கிழிக்க மட்டும் தெரிந்தவர் கணக்கு. ஞாயிறு வேலைநாள் அன்று; அன்றைய கறி மதியத்துக்கு உரியது, இரவுக்கு மிஞ்சுவது குழம்பும் கழுத்துத் துண்டும்தான். திங்களைச் சோமவாரம் என்று விலக்கும் வீடுகள் உண்டு. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. வியாழன் ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. ராகவேந்திரரும் சீரடி சாயிபாபாவும் பல குடும்பங்களில் அதையும் எடுத்துக்கொண்டார்கள். கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், அமாவாசை ஆகியவை கிழமை பார்த்து வருவதில்லை. புரட்டாசி வந்தால் மாதமே போயிற்று. எல்லாம் கழித்தபின் பெரும்பாலான வீடுகளில் எந்தத் தெய்வமும் அழுத்தமாக உரிமை கோராத வேலைநாள் புதன் ஒன்றே. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்ற பழமொழிக்கு நல்ல காரியம் தொடங்கும் நாள் என்று பொருள் சொல்வர். கறிக்கடை வரிசையில் நிற்பவருக்கு அது வேறு விதமாகவும் விளங்கும். இஸ்லாமிய, கிறித்தவ இல்லங்களுக்கு இந்தக் கிழமைத் தடைகள் பொருந்தா. ஆனால் மறுநாள் காலை பள்ளி வேன் எல்லார் வீட்டு வாசலுக்கும்தான் வருகிறது. ஆகவே இவ்வாய்வின் முடிபு அவர்களுக்கும் செல்லும்.

இந்தப் பொருளில் இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் விரைவு என்பதைத் தவறான இடத்தில் அளந்திருக்கிறார்கள். அடுப்பு பற்றவைத்தது முதல் அணைத்தது வரை அளந்து, இருபது நிமிடத்தில் கோழி என்று முழங்குகிறார்கள். அடுப்பு அணைந்தபின் தொடங்குவதுதான் நீண்ட பகுதி. பிள்ளை தட்டின் முன் உட்காருகிறது; துண்டைப் புரட்டுகிறது; இது என்ன கறுப்பாக இருக்கிறது என்கிறது; தண்ணீர் குடிக்கிறது; எழுந்து போகிறது. ஆகவே விரைவு என்பது அடுப்பு பற்றியது முதல் தட்டு காலியாவது வரை உள்ள காலம் என்று இங்கே வரையறுக்கிறோம். இவ்வரையறையை ஏற்றால் சமையலின் வேகம் இரண்டாம் பட்சமாகிவிடும். உண்ணலின் வேகமே முதன்மை பெறும். அந்த வேகத்தை நிர்ணயிப்பது எது? சுவை என்பர், மணம் என்பர், பழக்கம் என்பர். அவை மூன்றும் அன்று, கைப்பிடி என்பதே நமது கொள்கை. பிடித்துக் கடிக்க இடம் உள்ள கோழியைப் பிள்ளை உண்ணும், இல்லாததை ஆராயும். இதைப் பிறர் மதத்தை முதலில் எடுத்துரைத்து மறுத்து, பின் தன் மதம் நிறுவும் முறையில் காட்டலாம். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று வகுத்ததும் இம்முறையில்தான். சைவ சித்தாந்தத்தின் வாத முறையை அசைவத்துக்குப் பயன்படுத்துவது முறையா என்று கேட்கலாம். கருவிக்குக் கிழமை இல்லை.

முதல் சான்று, யாவரும் அறிந்த லெக் பீஸ். ஒரே சட்டி, ஒரே மசாலா, ஒரே தீ. அதில் முதுகுத் துண்டைத் தொட மறுக்கும் பிள்ளை, லெக் பீஸுக்காக உடன்பிறந்தவரோடு போர் தொடுக்கிறது. சுவையே காரணமாயின் தொடைத் துண்டுக்கும் அதே மதிப்பு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே காலின் கறி, நிறமும் கொழுப்பும் ஏறத்தாழ ஒன்றே. மதிப்பு இல்லை. ஏனெனின், தொடையைக் கறிக்கடையிலேயே குறுக்காக இரண்டு மூன்றாக வெட்டிவிடுகிறார்கள்; எலும்பு உள்ளே புதைந்து முனை மட்டும் கூராக நீட்டிக்கொண்டிருக்கிறது. பிடிக்க வேண்டிய எலும்பு அங்கே குத்தும் எலும்பாகிறது. குழம்புக்கு வெட்டும் வெட்டு, குழம்பின் நலம் கருதி ஏற்பட்டது: துண்டு சிறிதானால் எலும்பின் சாரம் இறங்கும், ஒரு கோழி பத்துப் பேருக்குப் பரிமாற வரும். பெருங்குடும்பத்தின் பொருளாதாரம் அந்த வெட்டுக் கட்டையில் இருக்கிறது. ஆனால் அதே கட்டையில்தான் கோழியின் இயற்கையான கைப்பிடிகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. இரண்டே இரண்டு தப்புகின்றன. பிள்ளைகள் எல்லாம் அந்த இரண்டுக்கே ஏங்குவதை ருசி என்று தவறாகப் படித்துவிட்டோம்.

கைப்பிடிக்கு ஏன் இத்தனை வல்லமை என்பதற்கு உளவியல் விடை தருகிறது. எதையும் தின்னக்கூடிய உயிர், எதைத் தின்றாலும் நஞ்சாகலாம் என்ற அச்சத்தோடு வாழ்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1970களில் விளக்கினார். இந்த அச்சம் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் உச்சத்தில் இருக்கும் என்பது பின்வந்தோர் கண்டது. நடக்கத் தொடங்கிய பிள்ளை கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளாமலிருக்க இயற்கை வைத்த காவல் அது. காவல்காரனிடம் கெஞ்சிப் பயனில்லை, மிரட்டியும் பயனில்லை. லெக் பீஸ் இந்தக் காவலை எப்படிக் கடக்கிறது? எலும்பைப் பிடித்திருக்கும் கைக்கும் கறிக்கும் இடையே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் தூரம் உண்டு. முகர்ந்து பார்க்கலாம், நாக்கு நுனியால் தொடலாம், வேண்டாமென்றால் விலக்கலாம். எவ்வளவு கடிப்பது என்பதைப் பல்லின் உரிமையாளரே முடிவு செய்கிறார். சோற்றோடு பிசைந்து ஊட்டப்படும் உருண்டையில் இவ்வுரிமை எதுவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஊட்டும் கைக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். ஊட்டுவது அன்பின் வடிவம் என்று ஒரு கட்சி எழும். ஆம். ஆனால் அது மடித்துவைக்கத் துணியும் எழுதிமுடிக்க வீட்டுப்பாடமும் இல்லாத கைகளுக்கு உரிய அன்பு. புதன் இரவில் அக்கைகள் கிடைப்பதில்லை.

காரமே காரணம், கைப்பிடி அன்று என்பாரும் உளர். இது வலுவான கட்சி. ஆதலால் நின்று பேச வேண்டும். மிளகாயின் காரத்தை நாவில் உணர்த்தும் உணர்வியை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997ல் கண்டறிந்தனர். 2021ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கொதிநீரின் சூட்டையும் மிளகாயின் காரத்தையும் அறிவிப்பது அதே உணர்விதான். எனவே பிள்ளை 'சுடுது' என்று அலறுவது நடிப்பு அன்று, நரம்பியல். மிளகாய் போடவில்லை, மிளகுதான் போட்டேன் என்ற பாட்டிகளின் சமாதானமும் செல்லாது. சற்றுக் குறைந்த வேகத்தில் மிளகும் அந்தக் கதவையே தட்டுகிறது. இதில் ஒரு கொடுமை உண்டு. கோழியின் உணர்வி மிளகாய்க்கு அசைவதே இல்லை என்பது 2002ல் காட்டப்பட்டது. மிளகாயை அமைதியாகத் தின்னக்கூடிய உயிரை வெட்டி, அதில் மிளகாயைத் தடவி, தாங்காத உயிரிடம் நீட்டுகிறோம். இவ்வளவையும் ஒப்புக்கொண்டே சொல்கிறோம்: காரமும் வெட்டின் விளைவே. மசாலா இறைச்சிக்குள் வெகுதூரம் இறங்குவதில்லை, மேற்பரப்பில்தான் தங்குகிறது. துண்டின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பாதியாக்கினால், அதே எடைக் கறிக்கு மேற்பரப்பு இருமடங்காகும். எனவே சிறுதுண்டில் ஒவ்வொரு கடியும் மசாலா மயம். முழு லெக் பீஸில் மேலே ஒரு சிவந்த படலம், உள்ளே வெள்ளந்தியான கறி. அந்தப் படலத்தையும் தயிரில் தோய்த்தெடுத்தால் காரம் மட்டுப்படும், ஏனென்றால் அது நீரில் கரையாதது, கொழுப்பில் கரைவது. தோய்த்தெடுக்க என்ன வேண்டும்? கைப்பிடி வேண்டும்.

நக்கெட்டுக்குக் கைப்பிடி ஏது என்று அடுத்த கட்சி கேட்கும். இது வரலாறு அறியாதார் கேள்வி. நக்கெட்டின் மூதாதையை 1963ல் உலகுக்கு அறிவித்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் கோழியியல் பேராசிரியர் ராபர்ட் பேக்கர். எலும்பும் தோலும் இல்லாத அரைத்த கறியைச் சிதறாமல் நிறுத்துவதும், மேல்மாவு உறைநிலையையும் கொதியெண்ணெயையும் தாங்கி உதிராமல் நிற்பதுமே அவர் தீர்த்த சிக்கல்கள். அவர் அதற்குக் கொடுத்த வடிவம் குச்சி! உலகின் முதல் நக்கெட் முழுவதும் கைப்பிடியாகவே பிறந்தது. இருபது ஆண்டு கழித்து, 1983ல் மெக்டொனால்ட்ஸ் அமெரிக்கா முழுவதும் அதை விற்றபோது குச்சி சுருங்கிக் கட்டியாயிற்று. ஆனாலும் மொரமொரப்பான உறை கையில் ஒட்டாது, இரு விரலில் நிற்கும், தோய்க்க வரும். சிக்கன் 65ஐத் தள்ளுவண்டியில் பல்குச்சி செருகித் தருவதும், சப்பாத்திக்குள் கறியைச் சுருட்டினால் அதுவரை மறுத்த பிள்ளை வாங்கிக்கொள்வதும் இதே விதியின் கிளைகள். பிரியாணியைப் பற்றிய ஆட்சேபம் ஆராயத் தக்கதன்று. அது புதன் இரவில் ஆகிற காரியம் இல்லை.

இனி நேரம். கைப்பிடியோடு வேகவைத்தால் தாமதமாகாதா என்றால், ஆகும், ஆனால் அஞ்சும் அளவுக்கு அன்று. எலும்பைத் தொடும்வரை மூன்று கீறல் போட்டு, உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, தயிர் பூசி, கால் டம்ளர் தண்ணீரோடு குக்கரில் வைத்தால், 120 பாகை அளவுக்கு ஏறும் ஆவி ஒன்றிரண்டு விசிலில் வேலையை முடிக்கும். பிறகு தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு நிறம் வரப் புரட்டினால் போதும். நெஞ்சுக்கறியைக் கீற்றாக அரிந்து வதக்கினால் பத்து நிமிடத்தில் ஆகிவிடும் என்பது மெய்யே. ஆனால் நெஞ்சுக்கறி மறதியைப் பொறுக்காது. கோழி 74 பாகையைத் தொட்டால் உண்ணத் தகும். நெஞ்சு அதைத் தாண்டியதுமே வறண்டு நாராகும். காலில் இணைப்புத் திசு மிகுதி. அது இன்னும் பத்துப் பாகை ஏறினால்தான் உருகிக் குழையும். வேலைநாள் இரவில் அடுப்பின் முன் நிற்பவரைப் பெருக்கல் வாய்ப்பாடு கூப்பிடும், சிலிண்டர்காரர் கூப்பிடுவார், அலுவலகமே கூப்பிடும். மன்னிக்கும் கறியே அந்த இரவுக்கு ஏற்றது. எலும்போரம் சிவந்திருந்தால் வேகவில்லை என்று மீண்டும் குக்கரில் தள்ள வேண்டியதில்லை. ஆறு வாரப் பிராய்லரின் இளம் எலும்பிலிருந்து மஜ்ஜையின் நிறம் கசிவது இயல்பு. உண்மையான ஆபத்து வேறு: லெக் பீஸில் பெரிய எலும்பை ஒட்டி ஊசிபோல் ஒரு மெல்லெலும்பு கிடக்கும். பரிமாறுமுன் அதை உருவிவிட வேண்டும். இக்கோட்பாட்டில் பெற்றோருக்கு ஒதுக்கப்பட்ட வேலை இது ஒன்றே.

எஞ்சியிருப்பது எண்ணிக்கைச் சிக்கல். கோழிக்குக் கால் இரண்டு. பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருவரல்லர். அமெரிக்கர் நெஞ்சையே விரும்புவதால் அங்கே கால்கள் மலிந்து கிடக்கின்றன. 1990 முதல் அவை ரஷ்யாவுக்குக் கப்பலேறி, அங்கே 'புஷ்ஷின் கால்கள்' என்று பெயர் பெற்றன. இந்தியா இறக்குமதிக்கு வைத்த தடையை எதிர்த்து 2012ல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போயிற்று. 2015ல் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. வழக்கேட்டில் இருந்தது பறவைக்காய்ச்சல். இரு நாட்டுக் கோழிப் பண்ணையாளர் மனத்தில் இருந்தது லெக் பீஸ். அவ்வளவு தூரம் போகாமலே வழி உண்டு: இறக்கை. அதன் மேல்பாகத்தில் ஓர் எலும்பு, நடுப்பாகத்தில் இரண்டு; இரண்டில் மெல்லியதை நீக்கி, கறியை ஒரு முனைக்குத் தள்ளித் திரட்டினால் லாலிபாப். இரண்டு இறக்கைக்கு நான்கு. கால்களையும் சேர்த்தால் ஒரு கோழிக்கு ஆறு கைப்பிடி. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும். மூன்று பிள்ளைகளுக்கு இப்படிப் பகிரலாம்: மூத்தவர் இருவருக்கும் ஆளுக்கொரு லெக் பீஸ், ஒரு லாலிபாப்; கடைக்குட்டிக்கு இரண்டு லாலிபாப். பகிர்வுக் கணிதத்தில் இதற்கு நற்சான்று உண்டு. பிறர் பங்கிலிருந்து ஏதேனும் ஒரு பொருளை இல்லையெனக் கொண்டால் பொறாமை நீங்கிவிடும் பகிர்வு எப்போதும் சாத்தியம் என்று 2004ல் நிறுவியிருக்கிறார்கள். அண்ணன் தட்டிலிருந்து அந்த லெக் பீஸை இல்லையெனக் கொண்டால் கடைக்குட்டிக்குப் பொறாமை இல்லை. ஆனால் கடைக்குட்டி இல்லையெனக் கொள்ள மறுப்பது அந்த லெக் பீஸைத்தான். கணிதம் கைவிடும் இந்த இடத்தில் கறிக்கடை கைகொடுக்கிறது: உதிரி லெக் பீஸ் தனியாக எடை போட்டுத் தருகிறார்கள், ஒன்று கூட வாங்கிக்கொள்ளலாம். அப்போது கடைக்காரர் கத்தியை ஓங்கியபடி, குழம்பு வெட்டா பிரியாணி வெட்டா என்று கேட்பார். பதிலுக்குப் பழக்கத்தில் தலையாட்டிவிடக் கூடாது. இறக்கை முழுசாக வேண்டும் என்று கத்தி இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும்.