ஸ்கோனும் ரோஸ் மில்க்கும்

மயிலாப்பூர் மாமாவுக்கு,

பழைய வீடுகளைக் காப்பாற்ற வெள்ளைக்காரனுக்குத்தான் தெரியும், நமக்கு இடிக்கத்தான் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். வெயில் தலைகாட்டும் ஜூலை ஞாயிறுகளில் இங்கே பிரிட்டனில் குடும்பம் குடும்பமாக ஏதோவொரு பிரபுவின் மாளிகைக்கும் தோட்டத்துக்கும் கிளம்புவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இடிப்பதில் இவர்களும் நமக்கு இளைத்தவர்கள் அல்ல மாமா. போன நூற்றாண்டில் வாரிசு வரி கட்டி மாளாமல் நூற்றுக்கணக்கான மாளிகைகளைத் தரைமட்டமாக்கினார்கள். 1974-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவற்றுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்துக் கருமாதி செய்தது. தப்பியவற்றில் பல, 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் கைக்கு வந்தவை. டிரஸ்டின் சூத்திரம் எளிது: வாசலில் டிக்கெட், தோட்டத்தில் ரோஜா, கடைசியில் டீயும் ஸ்கோன் என்கிற பன்னும். பிரபுவின் பாட்டனார் படத்துக்குக் கிடைப்பது அரை நிமிஷப் பார்வை. ஸ்கோனுக்கோ நீண்ட வரிசை. கூரை ஒழுகாமல் இருப்பதில் அந்த வரிசைக்கும் பங்குண்டு.

அந்த மாளிகைகளில் நம்மிடம் வாரியதைப் பார்க்க நாமே காசு கொடுப்பதா என்பீர்கள். கேள்வி நியாயமானது. வேல்ஸில் பவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. கோட்டைக்குச் சொந்தக்காரக் குடும்பத்து மாப்பிள்ளை எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன், 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். திப்புவை வீழ்த்திய வெற்றிக்காக அவர் எழுப்பிய விருந்து மண்டபம்தான் நம் ராஜாஜி ஹால். அந்த வாரலுக்கு வழக்குப் பேச இந்த மண்டபமும் பக்கத்தில் இருந்த கவர்னர் மாளிகையுமாக இரண்டு சாட்சிகளும் நிற்க வேண்டாமா? கவர்னர் மாளிகையை நாம் இடித்தோம். ஒரு சாட்சி போயிற்று.

நம்மூரில் யார் வருவார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். அடையாற்றில் பிரம்மஞான சபை 1882-இல் வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டத்தைப் பாருங்கள். அங்குள்ள ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-இல் சாய்ந்த பிறகும் விழுதுகளைப் பார்க்க ஜனம் போகிறது. கம்பெனி உத்தியோகஸ்தர் ஜேம்ஸ் பிராடி கட்டிய பிராடி காசிலில் இசைக் கல்லூரி வந்ததால் சுவர்கள் நிற்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு அதைத் திறந்து, டிக்கெட் வைத்து, வாசலில் உங்கள் மயிலாப்பூர் காளத்தி கடை ரோஸ் மில்க் போல ஏதாவது கொடுத்தால் கூட்டத்துக்கா பஞ்சம்?

பழைய வீட்டைக் காப்பது பக்தி அல்ல, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மாமிக்கு என் நமஸ்காரம்.