பூடிலுக்கு வந்த சம்பந்தங்கள்

1980களின் இறுதியில் ஆஸ்திரேலிய வழிகாட்டி நாய்ச் சங்கத்துக்கு ஹவாயிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. கேட்ட பெண்மணிக்குப் பார்வைக் குறைவு. கணவருக்கோ நாய் முடி ஒவ்வாமை. முடி அதிகம் உதிராத பூடில் நாய்களைப் பழக்கிப் பார்த்து அலுத்த சங்க ஊழியர் வாலி கான்ரன், லாப்ரடாரையும் பூடிலையும் இணை சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் கணவருக்கு ஒத்துக்கொண்டது.

மற்ற இரண்டையும் சீந்துவார் இல்லை. நாய் வளர்க்கக் காத்திருந்த குடும்பங்களுக்குக் குலம் கோத்திரம் முக்கியமாம், கலப்பினம் ஆகாதாம். கான்ரன் அசரவில்லை. ‘லாப்ரடூடில்’ என்று புது இனம்போலப் பெயர் சூட்டிச் செய்தி பரப்பினார்.

அதே குட்டி, அதே வால். தொலைபேசி மட்டும் ஓயவில்லை!

பிறகு பூடிலுக்கு வரன்கள் குவிந்தன. கோல்டன் ரிட்ரீவரோடு சேர்ந்தால் கோல்டன்டூடில், பெர்னீஸ் மலைநாயோடு சேர்ந்தால் பெர்னடூடில். கலப்பினத்தை வேண்டாமென்ற உலகம் இப்போது கலப்புக்கே கூடுதல் விலை கொடுத்தது. ‘ஒவ்வாமை தராது’ என்ற உறுதிமொழி இலவச இணைப்பு. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வோ, லாப்ரடூடிலின் முடியிலும் ஒவ்வாமைப் புரதம் குறைவில்லை என்றது. முடிக்கு அதெல்லாம் தெரியுமா, பாவம்.

காசுக்காகக் கண்டபடி குட்டி போடவைப்பவர்களைப் பார்த்து நொந்த கான்ரன், இதை ஏன்தான் தொடங்கினோமோ என்று 2019இல் வெளிப்படையாகவே வருந்தினார். வாங்குபவர்கள் முன்பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.