ஸ்னாப்ஷாட் நூற்பாவும் அதன் உரைகளும்

மாநாட்டு மேடைகளில், கணினிக்குள் கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷின்களையும் மின்னஞ்சல் சர்வர்களையும் சேர்த்துப் பேசுவோர் நால்வகைப்படுவர் என்ப. அப்படிச் சொன்னவர் யார் என்று கேட்பது ஆய்வு மரபன்று.

முதல் வகையினர் ஸ்லைடை அப்படியே வாசிப்பர். இரண்டாம் வகையினர் விற்க வந்தவர்கள், பேனா தருவர். மூன்றாம் வகையினர், மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டலாமா என்று யார் கேட்டாலும் “அது பொறுத்தது” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பர். நான்காம் வகையினரே இவ்வாய்வின் பொருள். அவர்கள் மேடையிலேயே டெமோ காட்டத் துணிந்தவர்கள்.

இவர்களது பேச்சு 1974-இல் தொடங்கும். ஜெரால்டு போபெக்கும் ராபர்ட் கோல்டுபெர்க்கும் அவ்வாண்டு எழுதிய கட்டுரை, விர்ச்சுவல் மெஷின்களை மேய்க்கும் நிரலுக்கு மூன்று இலக்கணம் வகுத்தது. உள்ளே ஓடும் மென்பொருள் நிஜக் கணினியில் ஓடுவது போலவே நடக்க வேண்டும். பெரும்பாலான கட்டளைகளைச் செயலி நேரடியாகவே நிறைவேற்ற வேண்டும். வளங்களின் பிடி முழுக்க மேய்ப்பவரிடமே இருக்க வேண்டும். இரண்டாம் ஸ்லைடில் இந்தக் கட்டுரை தவறாமல் இடம்பெறும். படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இவ்வொரு விஷயத்தில் மேடைப் பேச்சாளரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒரே குருகுலத்தார்.

டெமோ படுத்துவிடும் என்ற அச்சத்துக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் பக்கத்திலேயே நிற்க, விண்டோஸ் 98 ஓடிய கணினியில் ஸ்கேனரைச் செருகினார்கள். விண்டோஸ் படுத்து, நீலத் திரை வந்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலும் என்று கேட்ஸ் சமாளித்தார். விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் செய்யும் விஎம்வேர் நிறுவனம் பிறந்ததும் அதே 1998-இல்தான். ஆகவே நீலத் திரைக்கு அஞ்சியே விஎம்வேர் தோன்றியது என்று ஒரு சாரார் நிறுவியுள்ளனர். நிறுவனம் பிப்ரவரியில் தொடங்கியதே, நீலத் திரை ஏப்ரலில் அல்லவா என்ற சிறு தடையை, பிற்காலத்தார் இடைச்செருகல் என்று தள்ளிவிட்டனர்.

இனி நூற்பா. பேச்சாளரின் லேப்டாப்புக்குள் பயனர் கணக்குகளைக் காக்கும் ஒரு டொமைன் கன்ட்ரோலர், இரண்டு மூன்று எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள், எல்லாம் விர்ச்சுவல். மேடை ஏறுமுன் ஒவ்வொன்றுக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவைப்பார். ஏதாவது கெட்டால் அந்தக் கணத்துக்கே திரும்பிவிடலாம். இதே பேச்சாளர் பன்னிரண்டாம் ஸ்லைடில், எக்ஸ்சேஞ்சுக்கு ஸ்னாப்ஷாட் கூடாது, மைக்ரோசாஃப்டின் ஆதரவு கிடையாது என்று சிவப்பு எழுத்தில் எச்சரிப்பார்.

எச்சரிக்கை நியாயமானதே. ஸ்னாப்ஷாட்டுக்கு உள்ளே ஓடும் மென்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாது. எக்ஸ்சேஞ்சோ 2010 பதிப்பு முதல் 16 சர்வர்கள் வரை ஒரே குழுவாகச் சேர்ந்து, அஞ்சல் தரவுத்தளப் பிரதிகளைத் தங்களுக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் நேற்றைக்குத் திரும்பினால் யார் கணக்கு சரி என்பதில் குழப்பம்தான். டொமைன் கன்ட்ரோலரைப் பின்னுக்கு இழுத்தாலும் அதே கதி. அது பின்னுக்குப் போனதைத் தானே உணரும் பாதுகாப்பு விண்டோஸ் சர்வர் 2012-இல்தான் வந்தது.

ஆக, விலக்கைச் சொல்லும் பேச்சு விலக்கப்பட்டதன் மேலேயே நிற்கிறது. இம்முரணுக்கு உரைகள் மூன்று. முன்வரிசை உரை, விலக்கு அவையோருக்கு மட்டுமே, மேடைக்கு அன்று என்னும். கடைவரிசை உரை, மேடையில் ஓடுவது சர்வரே அன்று, சர்வரின் சாயல். சாயலுக்கு விலக்கில்லை என்னும். இரண்டையும் மறுத்து எழுந்தது ‘பிளக் பாயிண்ட் அருகே அமர்ந்தோர் பேருரை’ (மூன்று மடலம், இரண்டாவது காப்பிக் கறையால் படிக்க இயலவில்லை, மூன்றாவது, இரண்டாவதை மட்டுமே மேற்கோள் காட்டுகிறது, முதலாவதை நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற அறிஞர் அதை மறுத்து நூல் எழுதிக்கொண்டிருப்பதால் இன்னும் திருப்பித் தரவில்லை). அது கூறுவதாவது: எல்லா மெஷின்களையும் ஒருசேர அணைத்து, ஒருசேரப் பின்னுக்கு இழுத்தால், முரண்பட்டு நிற்க வேறொரு சர்வர் மிஞ்சாது. சோதனைக் கூடத்தில் இது வேலை செய்கிறது என்பதே இவ்வுரையின் பெருங்குறை. அதனால் ஆய்வுலகம் கண்டுகொள்ளவில்லை.

மூன்று உரைக்கும் அடங்காதது அரங்கின் வைஃபை. அதைப் பின்னுக்கு இழுக்க முடியாது. 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐஃபோன் 4-ஐக் காட்டிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இணையப் பக்கம் ஏறவில்லை. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஓடுவதாகச் சொல்லி, வைஃபையை அணைத்து லேப்டாப்புகளைத் தரையில் வைக்குமாறு அவையோரைக் கேட்டுக்கொண்டார். இதை எந்த உரையில் சேர்ப்பது என்ற வழக்கு நீள்கிறது. முன்வரிசையார் உடன்பட ஆயத்தம். பிளக் பாயிண்ட்டார் லேப்டாப்பைத் தரையில் வைக்க ஒப்பவில்லை.