முதல் எஸ்

போன சனிக்கிழமை இட்லிக்குப் பிறகு நான் விழுங்கியது ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. வைட்டமின் டி, 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்றே ஒன்று. "ஞாயித்துக்கிழமையா வச்சுக்குங்க, மறக்காது" என்றார் டாக்டர். நான் மறக்கவில்லை. ஞாயிறுதான் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

பழைய மாத்திரை டப்பாவின் மூடி உடைந்துவிட்டது என்று மகன் புதிதாக ஒன்று வரவழைத்தான். அது திங்களில் தொடங்குகிறது. 

பழைய டப்பாவில் எஸ், எம், டி, டபிள்யூ, டி, எஃப், எஸ். இரண்டு எஸ்ஸும் சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு கோடியில் இருந்தன. முதல் எஸ் ஞாயிறு, கடைசி எஸ் சனி, குழப்பமில்லை. புதியதில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பழக்க தோஷம், கண்ணில் பட்ட முதல் எஸ்ஸில் வைட்டமினைப் போட்டேன். அது சனி. இரண்டு டி வேறு. செவ்வாய் எது, வியாழன் எது என்று தினமும் விரல் விட்டு எண்ணவேண்டும். கண்ணாடி போடாமல் டப்பாவைத் தலைகீழாக எடுத்துவிட்டால் தொலைந்தோம். எஸ் எப்படித் திருப்பினாலும் எஸ்தான். ஆனால் எம் டபிள்யூ ஆகிவிடும், டபிள்யூ எம் ஆகிவிடும். ஆக, திங்கட்கிழமை புதன்கிழமை மாத்திரையும், புதன்கிழமை திங்கட்கிழமை மாத்திரையும் உள்ளே போகும். இரண்டும் ஒரே பி.பி. மாத்திரைதான், உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை டப்பாவைப் பார்க்கிறவன் கதி? திங்கள் அறையில் மாத்திரை அப்படியே இருக்கும். நேற்று போடவில்லையோ என்று இன்று இரண்டாகப் போட்டுக்கொள்வான். அவன் நான்தான்.

மகனிடம் கேட்டேன். "ஐஎஸ்ஓ 8601ப்பா. வாரம் திங்கள்லதான் தொடங்குது. 1988லயே சொல்லிட்டாங்க" என்றான். 1988-ல் நான் இவனுக்குப் பால்பவுடர் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விடுவேனா? சம்பந்தரை இழுத்தேன். 7-ஆம் நூற்றாண்டிலேயே கோளறு பதிகத்தில் ஞாயிற்றில் தொடங்கிச் சனிவரை வரிசையாக அடுக்கியிருக்கிறாரே!

"அவர் கிரகத்தைச் சொல்றாருப்பா, காலண்டர் போடலை."

போர்ச்சுகீசியர்கள் திங்களைப் பெயரிலேயே 'இரண்டாவது' என்கிறார்களே என்றேன்.

"சீனாக்காரங்க அதையே 'வாரம் ஒன்று'ங்கறாங்க. டப்பா பண்றது அவங்கதான்."

இதற்கு மேல், 'சனி ஞாயிறு லீவு' என்றுதானே சொல்கிறோம், யாராவது 'ஞாயிறு சனி லீவு' என்கிறார்களா என்று மடக்கினான். பதில் சொல்லாமல் எழுந்துவந்துவிட்டேன். ராகுகாலத்தை நினைவில் வைக்க நம்மவர்கள் சொல்லும் வாக்கியம்கூடத் திங்களில்தான் தொடங்குகிறது. நல்லவேளை, அது அவனுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். ஒரு நாள் முன்னே போட்டால் ஒன்றும் ஆகாது என்று சிரித்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "வாரம் எங்க தொடங்கினா என்ன, நாளைக்கும் ஒண்ணு எடுத்து முழுங்கி வைக்காதீங்க" என்று என் மனைவி டப்பாவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மாத்திரை டப்பா செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஞா, தி, செ, பு, வி, வெ, ச. ஏழு அறைக்கு ஏழு எழுத்து, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. தலைகீழாகப் பிடித்தாலும் தி புவாகாது. அச்சடிக்கும்போது முதல் அறையில் ஞா வரட்டும்.