காலி டப்பாவில் இருப்பது யாது? – ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: அடுக்களையில் ஓர் எவர்சில்வர் டப்பா. முறுக்கு இல்லை. அடியில் நான்கு எள், ஓர் எண்ணெய் வளையம். உள்ளே என்ன என்று கேட்டால் வீட்டார் ஒருமித்துச் சொல்லும் விடை: "ஒண்ணுமில்லை." இவ்விடையை இதுவரை எவரும் ஆராயாதது புலமையுலகுக்கு இழுக்கு.

முன்னோர் கருத்து: இல்லாததை எண்ணவும் முடியாது, சொல்லவும் முடியாது என்று, இன்மையை ஆராயும் இத்துறைக்கு அது பிறக்கும் முன்பே பூட்டுப் போட்டவர் எலியா நகரத்துப் பார்மெனிடீஸ். பிளேட்டோ தம் 'சோஃபிஸ்ட்' உரையாடலில் அதை உடைத்தார்: இல்லாதது என்றால் சூனியம் அன்று, வேறானது. எதுவுமே இல்லை என்று நிறுவக் கோர்கியாஸ் ஒரு நூலே எழுதினார். அந்நூலும் இன்று இல்லை. பிறர் எழுதிய சுருக்கங்களே உள்ளன.

சொல்லாய்வு: பழங்கிரேக்கத்தில் மறுப்புக்கு இரண்டு சொற்கள். 'ஊ' உள்ள நிலையை மறுக்கும். 'மே' விலக்கலிலும் நிபந்தனையிலும் வரும். 'தொடாதே' என்பதன் வேலையைச் செய்யும். 'ஒன்' என்றால் இருப்பது. சேர்த்தால் 'ஊக் ஒன்', 'மே ஒன்'. இன்மையியலுக்கு மியான்டாலஜி என்ற பெயர் பின்னதிலிருந்து வந்தது. இறையியலாளர் பால் டில்லிக் இரண்டையும் பிரித்தார்: இருப்போடு ஒட்டும் உறவும் அற்ற சூனியம் ஊக் ஒன்; உறவு அறாத இன்மை மே ஒன். எள் கிடக்கும் நம் டப்பா எவ்வகை என்பது வெள்ளிடைமலை.

இனி 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'மேடென்' என்ற கிரேக்கச் சொல். பிரித்தால் 'ஒன்று', 'உம்', 'இல்லை' என்ற நம் மூன்று உறுப்புகளும் அதில் உண்டு. 'ஒன்று' என்பதற்கான சொல் 'ஹென்'. அணுக்கொள்கையர் டெமாக்ரிடஸ் 'மே'யை மட்டும் நறுக்கிவிட்டு, மிஞ்சிய 'டென்' என்ற வாலுக்கு 'ஏதோ ஒன்று' என்று பொருள் தந்தார். வெட்டிய இடம் தப்பு. 'ஒன்றுமில்லை'யை அறுத்து 'மில்லை' என்றொரு பலகாரம் கண்டதற்கு ஒப்பாகும். ஆனாலும் 'டென்' எனும் அணு எவ்வளவு உண்மையோ 'மேடென்' எனும் வெற்றிடமும் அவ்வளவு உண்மை என்பதே அவர் வாதம். இன்றைய கிரேக்கத்திலோ, 'ஊ'வில் தொடங்கும் இணைச்சொல்லான 'ஊடென்' தலையை இழந்து, அந்த வாலே 'இல்லை' என்று பொருள்படுகிறது.

முடிவு: 'ஒன்று' இல்லாமல் இன்மையைச் சொல்ல இயலாது. ஆகவே தின்றவர் ஒருவர் உண்டு. யார் என்று கேட்டால் "யாருமில்லை" என்பார்கள். ஒற்றைக்கண் அரக்கனிடம் ஒடிஸ்ஸியஸ் சொல்லித் தப்பிய பெயரும் அதுவே: 'ஊட்டிஸ்', யாருமில்லை. நம்பாதீர்கள். யாருமில்லை என்பவரின் மீசையைப் பாருங்கள். ஐந்தாவது எள் அங்கே இருக்கும்.