ஔவைக்கு எப்போது வயதானது?

ஔவை என்றதும் கோல், திருநீறு, கூன் முதுகு என்று ஒரு பாட்டி நம் கண்ணில் வந்து நிற்பார். புறநானூற்றில் இருப்பவர் அந்தப் பாட்டி இல்லை. 89ஆம் பாட்டில் ஒரு பகை மன்னன் அவரிடம், "உங்கள் நாட்டில் சண்டை போட ஆள் இருக்கிறதா?" என்று விசாரிக்கிறான். அவன் எதிரே நிற்பவளுக்கு இடுப்பில் நகை, கண்ணில் மை, பளிச்சென்ற நெற்றி. நரையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "இருக்கிறார்கள், அடிக்கிற கோலுக்குப் பயப்படாத பாம்பு மாதிரி பையன்கள்" என்று பதில் போகிறது. மன்னன் மேற்கொண்டு என்ன கேட்டான் என்பதற்குப் பாட்டு இல்லை.

தகடூர் அதியமானுக்கும் இவருக்கும் இருந்த சிநேகிதம் தனி ரகம். கள் கொஞ்சமாக இருந்தால் முழுதும் ஔவைக்கு. நிறைய இருந்தால் அவர் பாட, அவனும் சேர்ந்து குடிப்பான். அவன் இறந்த பிறகு ஔவையே பாடி அழுத செய்தி இது. பாடநூல்காரர்கள் நெல்லிக்கனியோடு நின்றுகொள்வார்கள், கள் பக்கம் போக மாட்டார்கள். தொண்டைமானிடம் தூது போன இடத்தில் இன்னும் மோசம். அவன் பெருமையாக ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை சுற்றிப் பார்த்துவிட்டு, "உன் வேலெல்லாம் மாலையும் மயிற்பீலியும் போட்டு, நெய் பூசி, அழகாக இருக்கிறது. எங்கள் ஆள் வேல் நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது" என்கிறார்.

அந்த நெல்லிக்கனி ஆயுளை நீட்டும் என்றுதான் பேச்சு. ஆயுள் நீண்டால் முதுகு வளையும் என்று சேர்த்துக்கொண்டது நாம்.

சேர்க்காமல் என்ன செய்வது? ஒரு பெண் தன்னந்தனியாக ஊர் சுற்றுகிறாள், ராஜாவோடு உட்கார்ந்து குடிக்கிறாள், இன்னொரு ராஜாவை அவன் வீட்டிலேயே வைத்து நக்கல் அடிக்கிறாள், கல்யாணப் பேச்சையே காணோம். இவளைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? நல்ல வேளையாக, பல நூற்றாண்டு கழித்து இன்னொரு ஔவை வந்து ஆத்திசூடி எழுதினார். ஊர் சனம் இருவரையும் ஒரே ஆளாக்கியது. ஆயிரம் வருஷக் கணக்கு உதைக்குமே என்றால், பாட்டி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

பாட்டியானதற்குக் காரணம் வேண்டுமே, பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள். வீட்டில் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. பெண் ஓடிப்போய்ப் பிள்ளையார் காலில் விழுகிறாள். அவர் மாப்பிள்ளைக்குப் பேதி வரவழைத்திருக்கலாம். பெற்றவர்களுக்கு, "போகட்டும், அவள் இஷ்டம்" என்று சொல்லும் புத்தியைக் கொடுத்திருக்கலாம். அது கடவுளாலும் ஆகாத காரியம் போலிருக்கிறது. குமரியைக் கிழவியாக்குவது சுலபமாக இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

கபிலரும் ஊர் ஊராகத்தான் போனார். பாரியின் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடி எத்தனை அரண்மனைப் படி ஏறினார்! அவரைத் தாத்தாவாக்கினால்தான் ஆச்சு என்று யாருக்கும் தோன்றவில்லை.

1953இல் ஜெமினி வாசன் 'ஔவையார்' எடுத்தபோது பாட்டியாக நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு வயது 44. 25 வயதில் கணவர் கிட்டப்பா போனதும் வெள்ளைச் சேலைக்கு மாறியவர் அவர். பிள்ளையார் வரம் இல்லாமலே வந்த வேஷம் அது. 1968இல் மெரினாவில் சிலை வைத்தார்கள், அங்கேயும் பாட்டிதான்.

பிள்ளையார் வீட்டு விஷயத்தையும் பாருங்கள். வள்ளி மசியவில்லை என்று தம்பி முருகன் கிழவன் வேஷம் போட்டுத் தினைப்புனத்துக்குப் போனான். தேனும் தினைமாவும் வாங்கித் தின்றான், விக்குகிறது தண்ணீர் கொடு என்றான், கடைசியில் என்னைக் கட்டிக்கொள் என்றான். அவள் முறைத்தாள். அண்ணனைக் கூப்பிட்டான். அண்ணன் யானையாக வந்து மிரட்ட, வள்ளி பயந்துபோய்க் கிழவனைக் கட்டிக்கொண்டாள். காரியம் முடிந்ததும் நரை, தடி, இருமல் மூன்றையும் உதறிப் போட்டுவிட்டு மறுபடி குமரனாகிவிட்டான். கல்யாணத்தைத் தடுக்கவும் முதுமை, நடத்தவும் முதுமை. இரண்டுக்கும் தரகு ஒரே பிள்ளையார்.

அந்தத் தம்பிதான் பிறகொரு நாள் சின்னப் பையனாக நாவல் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே நின்ற ஔவையிடம் சுட்ட பழமா, சுடாத பழமா என்று வம்பு வளர்த்தான். வளர்க்க மாட்டானா? கூப்பிட்டதும் "பாட்டி" என்றுதான்.